பூஜ்யம் காட்டிய மீட்டர்

அக்டோபர் 24, செவ்வாய்

மேனேஜர் தயாளன் இன்று காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டார். மற்ற நாளில் பத்தரைக்கு முன்னால் அவர் காரைக் கண்டவர் கிடையாது. கருகிப்போன பேனல் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "டெஸ்ட் பண்ணாம கைய வச்சிருக்கான். சுத்த அஜாக்கிரதை" என்றார். நேற்று நடந்ததற்கு இன்று தீர்ப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய் மிக்கேலை ஒரு எட்டுப் பார்க்கவில்லை.

நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். நேற்று ஆயுத பூஜை. பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் நம்பர் கம்ப்ரசர் நின்றுவிட்டது. இறால் கம்பெனியில் கம்ப்ரசர் நின்றால் பூஜையாவது புனஸ்காரமாவது. குளிர் அறையில் நாலு டன் இறால் கிடக்கிறது. மிக்கேல் போனான். எனக்குக் கீழே எட்டு வருஷமாக எலக்ட்ரீஷியன் அவன். கம்பெனியிலேயே நிதானமான கை. மெயின் சுவிட்சை இறக்கினான். இறங்கியது கைப்பிடி மட்டும். உள்ளே மூன்று ஃபேஸில் ஒன்று ஒட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே கரண்ட் இருக்கிறதா என்று காட்டத்தானே மீட்டர். மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறான். பூஜ்யம். ஸ்பேனரை உள்ளே விட்டான். பேனல் வெடித்தது. நான் ஓடிப் போனபோது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கத்தக்கூட இல்லை.

சோதிக்காமல் கை வைத்தானாம். சோதித்தான். பழைய மீட்டரால் சோதித்தான். பதினொரு வருஷப் பழசு. அதைப்பற்றி இப்போது எழுதினால் பேனா உடைந்துவிடும்.

அக்டோபர் 25, புதன்

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். வலது கை.

அக்டோபர் 26, வியாழன்

ஐஸ் பிளாண்ட் மோட்டாருக்கு பேரிங் மாற்றினோம். மிக்கேல் இல்லாமல் அரை நாள் பிடித்தது.

மீட்டர் ஒரேயடியாகச் செத்துப்போனால் ஆபத்தே இல்லை. தூக்கிப் போட்டுவிடுவோம். பாதி உயிரோடு இருக்கிறது பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். வயர் உறைக்குள்ளேயே ஒடிந்திருக்கும், வெளியே முழுசாகத் தெரியும். இந்தப் பக்கம் வளைத்தால் ஒட்டும், அந்தப் பக்கம் வளைத்தால் விட்டுவிடும். திருகுகிற சுவிட்ச் தேய்ந்து, நாம் ஒன்றில் வைத்தால் அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தூத்துக்குடி உப்புக் காற்றில் உள்ளே பச்சை பூத்துவிடும். கரண்ட் இருக்கும்போதே பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் நாங்கள் கையை உள்ளே விடுகிறோம். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது எங்கே புரியும்?

புது மீட்டர் கேட்டு மேனேஜருக்கு நாலு கடிதம் எழுதினேன். நாலுக்கும் நகல் இருக்கிறது. இறால் வாங்குகிற வெளிநாட்டுக்காரன் தணிக்கைக்கு வருகிறான் என்றால்தான் இவருக்கு மீட்டர் ஞாபகம் வரும். அளவு சரிபார்க்க அனுப்பமாட்டார். கம்ப்யூட்டரில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டச் சொல்வார். ஒட்டுவோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கூட்டம். போன வருஷம் ஒருவழியாகப் புது மீட்டர் ஒன்று வந்தது. பழசு அலமாரியிலேயே கிடந்தது.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். "சங்கரபாண்டி, அந்தப் பழைய மீட்டர் எங்க?"

"தெரியல சார்."

"ஸ்கிராப்ல போயிருக்கும். போயிருந்தா நல்லதுதான்."

எப்படி இருக்கிறது பாருங்கள். தடயத்தை அழிக்கப் பார்க்கிறார். அது என் வீட்டில் இருக்கிறது, பரண்மேல், பழைய மின்விசிறிப் பெட்டிக்குள். அன்றைக்கே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். சாட்சிக்கு வேண்டும் என்றுதான்.

அக்டோபர் 28, சனி

ரேஷன் கடையில் ஒரு மணி நேரம். அரிசி உண்டு, பருப்பு இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிக்கேல் மனைவி ஜெபா ஹார்லிக்ஸ் கலந்துகொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றாள். மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரை மயக்கமாக இருக்கும். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்து ஜெபா கேட்டாள். "ஆபீஸ்ல இவரு டெஸ்ட் பண்ணலன்னு சொல்லுதாவளாம். நெசமா அண்ணாச்சி?"

"யாரு சொன்னா? நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றேன்.

அக்டோபர் 30, திங்கள்

விசாரணை. மேனேஜர், பெர்சனல் ஆபீசர், இன்னொரு ஆள். டீயும் சமோசாவும் வேறு. மூன்று விரல் போனதற்குச் சமோசா. நான் தொடவில்லை.

"மிக்கேல் டெஸ்ட் பண்ணினத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை, பத்தடி தள்ளி பூஜை இடத்தில் நின்றேன். பார்க்கவில்லை என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததற்கெல்லாம் எதற்குச் சொல்லவேண்டும்?

நவம்பர் 1, புதன்

மழை. ஷிப்டு சீக்கிரம் விட்டார்கள். பரணிலிருந்து மீட்டரை இறக்கி சமையலறை சாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை 234 வோல்ட், சரி. இரண்டாவது 234. மூன்றாவது பூஜ்யம். பிறகு ஐந்து தடவை சரி. பிறகு சிவப்பு வயரைக் கொஞ்சம் மேலே தூக்கினேன், பூஜ்யம். இருபது தடவையில் ஆறு தடவை பொய். மூன்றுக்கு ஒன்று இல்லை, கொஞ்சம் குறைவு. சீட்டு விளையாடுகிறவன்கூட இதை நம்பிக் காசு வைக்கமாட்டான்.

சிவப்பு வயர் கழுத்தில், பிடி சேருகிற இடத்தில், பச்சை டேப் சுற்றியிருக்கிறது. யாரோ நன்றாக, மடிப்பு இல்லாமல் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே வயர் ஒடிந்து, இரண்டு மூன்று இழைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை அலமாரியில் வைத்திருந்ததே குற்றம். உடைத்துப் போட்டிருக்கவேண்டும்.

நவம்பர் 3, வெள்ளி

என் மனைவி செண்பகத்திடம் கத்திவிட்டேன். தீபாவளிக்கு அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தவள், சும்மா இருந்திருக்கலாம்.

"ஏங்க, புது மீட்டர் வந்துட்டுன்னு போன வருசம் ஊரெல்லாம் சொன்னீங்களே. அது எங்க போச்சு அன்னைக்கு?"

"பூஜையில இருந்துச்சு."

"யாரு வச்சா?"

"சந்தனம் குங்குமம் வச்சு நல்ல டூல்ஸ எல்லாம்தான் வச்சோம். மறுநாள் பூஜை போட்டுத்தான எடுக்கணும். ஒனக்குத் தெரியாதா?"

"அந்த கம்ப்ரசருக்கும்தான் பொட்டு வச்சிருப்பீங்க. அது ஓடலையா?"

எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி. உரல் உருண்டு போகிற அளவுக்குக் கத்தினேன். அவள் மாவை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

நவம்பர் 6, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அறிக்கை ஒரே பக்கம். 'பணியாளர் மீட்டர் கொண்டு சோதிக்காமல் பழுதுபார்க்க முற்பட்டதே விபத்துக்குக் காரணம்.' பிரிவின் பொறுப்பாளர் என்று என் பெயருக்கு நேரே கோடு போட்டு வைத்திருந்தார்கள். இது இப்படியே மேலே போனால் மிக்கேலுக்கு வேலை கிடையாது, வைத்தியச் செலவும் அவன் தலையில். அது எனக்கும் தெரியும், அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மீட்டர் இருந்துதுன்னு எழுதினா, எந்த மீட்டர்னு கேப்பாங்க. எந்த மீட்டர்னா, யாரு குடுத்தான்னு கேப்பாங்க. உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஏழு மாசம்தான சங்கரபாண்டி?" என்றார் மேனேஜர். மெதுவாக, அக்கறையாக. ஏதோ எனக்கு நல்லது செய்கிறவர் மாதிரி. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது கேட்டில் ஜெபா நின்றாள். கூப்பிடும்வரை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், வெயிலில். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை.

நவம்பர் 8, புதன்

பதினைந்து நாளாக மேனேஜரைத் திட்டி எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அந்த முதுகு இதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பச்சை டேப்பை நான்தான் சுற்றினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால். புது வயர் கேட்டால் தரமாட்டார்கள் என்ற கோபத்தில், கிடக்கிறது போ என்று சுற்றினேன். அதன்மேல் 'சரிபார்க்கப்பட்டது' ஸ்டிக்கரையும் நான்தான் ஒட்டினேன். அவர் அச்சடித்துத் தந்தார், என் கைதான் ஒட்டியது.

ஆயுத பூஜை அன்று கம்ப்ரசர் நின்றதும் மிக்கேல் பூஜை இடத்துக்கு வந்தான். நான் இறால் உரிக்கிற பெண்களுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, புது மீட்டர எடுத்துக்கிடட்டா? பழசு ஒரு மாதிரியா காட்டுது" என்றான். கேட்டுவிட்டுத்தான் நின்றான். கையை நீட்டக்கூட இல்லை.

சாமியிடம் வைத்ததை இன்றைக்கு எடுக்கக்கூடாது, பழசு போதும், போ என்றேன்.

சாமி என்ன, ஆள் சாகிற வேலைக்கு வேண்டாம் என்றா சொல்லியிருக்கும்? சாமி பெயரைச் சொன்னது ஒரு சாக்கு. அந்தப் புது மஞ்சள் மீட்டரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. நாலு கடிதம் எழுதி நான் வாங்கியது. என் மேஜை இழுப்பறையில், துணி சுற்றி, பூட்டி வைத்திருப்பேன். மிக்கேல் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்வேன். அன்றைக்குச் சாமி கிடைத்தது. பழையதை அலமாரியிலிருந்து நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

பேனல் வெடித்ததும் ஆளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். நான் முதலில் கீழே கிடந்த மீட்டரை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன். சாட்சிக்காம். என்ன சாட்சி? எனக்கு எதிரான சாட்சி.

நாளைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறாராம். மீட்டரைச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

வந்தவர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். சமோசாவை அவரும் தொடவில்லை. பேனலைப் பார்த்தார், அறிக்கையைப் படித்தார், "டெஸ்ட் பண்ணலன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மேனேஜர் என் கையெழுத்தைக் காட்டினார்.

நான் பையிலிருந்து மீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேனேஜர் முகம் வெளிறியதை இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன்.

"மேடம், அவன் டெஸ்ட் பண்ணினான். இதால பண்ணினான். இது பொய் காட்டும். பாருங்க" என்று அந்த அறையின் சாக்கெட்டில் வைத்தேன்.

236.

எடுத்து மறுபடி வைத்தேன். 236. சிவப்பு வயரைத் தூக்கினேன். 236. வளைத்தேன், முறுக்கினேன், பிடியை ஆட்டினேன். 235. 236. 236. வீட்டில் மூன்றுக்கு ஒன்று பொய் சொன்ன சனியன், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பொய் சொல் என்று நான் கெஞ்சினபோது அரிச்சந்திரன் ஆகிவிட்டது. முப்பது தடவையாவது வைத்திருப்பேன். அதைத் தரையில் அடித்து நொறுக்கலாம் போல வந்தது.

"நல்லாத்தான காட்டுது மேடம்" என்றார் மேனேஜர். வெளிறிய முகத்துக்கு ரத்தம் திரும்பியிருந்தது. "பாவம், கூட வேலை பாத்த பையன். இவருக்கும் மனசு கேக்கல. ஸ்டிக்கர்கூட இருக்கு பாருங்க, சரிபார்த்தது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இது பழுதுன்னு வேற எதாவது ஆதாரம் இருக்கா?"

மீட்டரைக் கீழே வைத்தேன். அதனிடமிருந்து இனி ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துபோயிற்று.

"இருக்கு மேடம். நான் இருக்கேன். அந்த டேப்ப நான்தான் சுத்தினேன். உள்ள வயர் ஒடிஞ்சிருக்குன்னு மூணு வருசமா எனக்குத் தெரியும். ஸ்டிக்கர் பொய். சார் அடிச்சுக் குடுத்தாரு, நான் ஒட்டினேன். அந்தப் பையன் நல்ல மீட்டர் கேட்டான். நான் குடுக்கல. இதத்தான் அவன் கைல குடுத்தேன்."

"அப்ப திங்கக்கிழம இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அதுவும் பொய் மேடம்."

மேனேஜர் எழுந்து நின்று ஏதேதோ கத்தினார். "இத்தன வருசம் சோறு போட்ட கம்பெனி" என்பது மட்டும் காதில் விழுந்தது. "நீங்க உக்காருங்க சார்" என்றார் அந்த அம்மா. ஒரு கத்திரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, அவர் கையாலேயே டேப்பை வெட்டிப் பிரித்தார். உள்ளே இரண்டு இழைதான் இருந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். நடந்ததை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது.

ஐந்து மணிக்கு என்னை சஸ்பெண்ட் செய்த காகிதத்தை கேட்டில் வைத்துக் கொடுத்தார்கள். செண்பகத்திடம் சொன்னேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆறு நாள் கழித்துப் பேசியது அதுதான்.

நவம்பர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மிக்கேல் இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பழக்கம் இல்லாததால் சட்னி போர்வையெல்லாம் ஆகியிருந்தது. உதவப் போனேன். "வேண்டாம்" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரை ஒளித்துவைத்தது, கையெழுத்துப் போட்டது, நேற்று எழுதிக் கொடுத்தது, எல்லாம். அறிக்கையை மாற்றப்போகிறார்கள், உன்மேல் தப்பில்லை என்று வரும் என்றேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளை ஸ்கூட்டரில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல அவன் விடவில்லை.

"நான் சாக்கெட்ல வச்சுப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி போனேன். சரியா காட்டுச்சு. அதையும் எழுதினீங்களா?"

"அது எனக்குத் தெரியாது டே. இப்ப எழுதிக் குடுத்துருதேன்."

"நான் புது மீட்டர் கேட்டத எழுதினீங்க."

"எழுதினேன்."

"நீங்க தரலன்னு எழுதினீங்க."

"எழுதினேன் மிக்கேல்."

"என்ன சொல்லி தரலன்னு எழுதினீங்க?"

"சாமிகிட்ட வச்சத எடுக்கக்கூடாதுன்னு."

தட்டைக் கீழே வைத்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"அதயா அண்ணாச்சி சொன்னீங்க? அத மட்டும் சொல்லியிருந்தா நான் இன்னொருவாட்டி கேட்டிருப்பேன். சண்ட போட்டாவது வாங்கிருப்பேன். எட்டு வருசமா ஒங்ககிட்ட சண்ட போடாதவனா நான்? ஏன் கேக்காம வாய மூடிக்கிட்டு அந்தச் சனியன வாங்கிட்டுப் போனேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

எனக்குத் தெரியும். அதற்குள் ஜெபா மருந்தோடு வந்துவிட்டாள். "போயிட்டு வாங்க" என்றான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் ஆபீஸ் தீபாவளி முடிந்துதான் திறக்குமாம். திறந்ததும் போய் இன்னொரு தாள் வாங்கவேண்டும். இரண்டு பக்கம் எழுதியதில் நான் எழுதாமல் விட்டதும், நேற்று முன்தினம் இந்த டைரியில்கூட எழுதாமல் தாண்டிப் போனதும் ஒரே ஒரு வரி. இங்கே முதலில் எழுதுகிறேன். இறால் உரிக்கிற பெண்கள் எல்லாரும் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, மீட்டர் கேட்டு நின்ற மிக்கேலிடம் நான் சொன்னது இதுதான்:

"சர்ச்சுக்குப் போறவனுக்கு எங்க சாமி அரும என்னல தெரியும்? தொட்டுராத."